உலக ஒளி விழாக்களின் சாயலில் வீட்டு விளக்கலங்காரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியட்நாமின் ஹோய் ஆன் பழைய நகரில், ஒவ்வொரு சந்திர மாதத்தின் 14ஆம் நாள் இரவிலும் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, மூங்கில் சட்டத்தின் மேல் பட்டுத்துணி போர்த்திய கூண்டு விளக்குகளை எரியவிடுகிறார்கள். அந்தத் தெருக்களின் படங்களைப் பார்த்து மயங்கி, அதே போன்ற விளக்குகளைத் தேடி வாங்கிக் கூடத்தில் தொங்கவிடுபவர்கள் இன்று பலர். தொங்கவிட்ட பிறகு, படத்தில் இருந்த அழகு வீட்டில் ஏன் வரவில்லை என்று அவர்கள் வருந்துவதும் உண்டு. காரணம் பெரும்பாலும் விளக்கில் இல்லை. ஹோய் ஆனில் அணைக்கப்பட்டவை நம் வீட்டில் எரிந்துகொண்டே இருக்கின்றன என்பதுதான் காரணம்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு மெழுகுவர்த்திச் சுடர் தரும் ஒளி ஏறக்குறைய 12 லூமென். நம் கூடங்களில் வழக்கமாக மாட்டப்படும் 20 வாட் எல்.இ.டி. டியூப்லைட் ஏறக்குறைய 2,000 லூமென் தருகிறது. அந்த டியூப்லைட் எரியும் அறையில் பத்துச் சுடர்களை ஏற்றினாலும், கண் அவற்றைத் தனி ஒளியாக உணராது. ஆகவே, விளக்கலங்காரத்தைத் திட்டமிடுபவர் எங்கே விளக்கு வைப்பது என்பதற்கு முன், எந்தெந்த விளக்குகளை அணைப்பது, அணைத்த பின் எந்தச் சுவர் இருட்டில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். முதியவர்கள் இருக்கும் வீட்டில், நடைபாதையிலும் கழிவறை வாசலிலும் தரையை ஒட்டி ஒரு சிறு விளக்கு எரிந்தால் போதும். அதற்காகக் கூரை விளக்கை ஏற்ற வேண்டியதில்லை.

அடுத்த தவறு நிறத்தில் நிகழ்கிறது. வெள்ளை ஒளி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல வகைகள் உண்டு. அவற்றை கெல்வின் என்ற அளவால் குறிக்கிறார்கள். மெழுகுவர்த்தியின் சுடர் ஏறக்குறைய 1,900 கெல்வின். பழைய குண்டு பல்பு 2,700. கடைகளில் ‘கூல் டேலைட்’ என்று விற்கப்படுவது 6,500. கார்த்திகை தீபமானாலும், பிரான்சின் லியோன் நகர விழாவானாலும், தாய்லாந்தின் லோய் கிராத்தோங் ஆனாலும், சுடரை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்த எந்த விழாவின் சாயலையும் 6,500 கெல்வின் பல்பால் கொண்டுவர முடியாது. அது சுவரை வெளிறச் செய்யும்; பித்தளையையும் மரத்தையும் உயிரற்றவையாகக் காட்டும். பெட்டியின் மேல் 2,700 அல்லது அதற்கும் குறைவான எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே சரி. ஒரே அறையில் 2,700உம் 6,500உம் கலந்து எரிந்தால், இரண்டுமே பழுதானவை போலத் தோன்றும்.

கூண்டு விளக்குக்குள் மாட்டும் பல்பிலும் இதே கவனம் தேவை. பட்டுத்துணியின் அல்லது காகிதத்தின் நிறம் உள்ளிருந்து மெல்லக் கசிவதுதான் அந்த விளக்கின் அழகு. 9 வாட் அல்லது 12 வாட் எல்.இ.டி. பல்பை உள்ளே மாட்டினால் நிறம் வெளுத்து, பல்பின் உருவம் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டாகத் துணியின் மேல் தெரியும். தெளிந்த கண்ணாடிக்குப் பதிலாகப் பால்நிற மேற்பரப்புக் கொண்ட 2 அல்லது 3 வாட் பல்பு போதுமானது. இலங்கையில் வெசாக் பண்டிகைக்காக மூங்கில் குச்சிகளால் சட்டம் கட்டி, மெல்லிய வண்ணக் காகிதம் ஒட்டிச் செய்யப்படும் வெசாக் கூடுகளுக்கும் இது பொருந்தும். காகிதம் எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு மென்மையான ஒளியே அதற்கு ஏற்றது.

அளவு பற்றிய தவறு இன்னும் பரவலானது. ஒளி விழா என்றாலே எங்கும் விளக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். லியோன் நகரத்தின் கதை அந்த எண்ணத்தைத் திருத்தும். 1852 டிசம்பர் 8 அன்று, ஃபூர்வியேர் குன்றின் மேல் அன்னை மரியாளின் சிலையை அர்ப்பணிக்கும் விழாவுக்கு நகரம் ஆயத்தமாக இருந்தது. சாவோன் ஆற்றின் வெள்ளத்தால் செப்டம்பரிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட விழா அது; அன்றும் புயல் வந்தது. மாலையில் வானம் தெளிந்தபோது, மக்கள் தாங்களாகவே தத்தம் சன்னல் விளிம்புகளில் மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தார்கள். இன்று கட்டடங்களின் மேல் பிரம்மாண்டமான ஒளிப்படங்கள் வீசப்பட்டாலும், ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 8 அன்று வரியிட்ட சிறு கண்ணாடிக் குவளைகளில் மெழுகுவர்த்தி வைத்துச் சன்னலோரம் அடுக்கும் வழக்கம் நகரத்தாரிடம் தொடர்கிறது.

ஒரு வீடு லியோனிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது அந்தச் சன்னல் வரிசையைத்தான், கட்டடங்களின் மேல் வீசப்படும் ஒளிப்படங்களை அல்ல. ஒரே அளவு, ஒரே இடைவெளி, ஒரே கோடு: கார்த்திகையன்று திண்ணையிலும் படிகளிலும் நாம் அகல் விளக்குகளை வரிசையாக வைக்கும்போது செய்வதும் இதுவே. பத்து விளக்குகள் ஒரு சன்னல் விளிம்பில் நின்றால் ஒரு காட்சி பிறக்கிறது. அதே பத்து விளக்குகள் டி.வி. மேசையிலும் புத்தக அலமாரியிலும் செடித்தொட்டியிலும் சிதறிக் கிடந்தால் அவை வெறும் பொருள்கள். எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, இருப்பதை ஓர் இடத்தில் சேர்ப்பதே என் கருத்தில் எப்போதும் நல்ல முடிவு.

பல விழாக்களை ஒரே கூடத்தில் கூட்டுவதும் இதன் இன்னொரு வடிவம். பிலிப்பைன்ஸின் பரோல் நட்சத்திரம், ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரிலிருந்து பரவிய பல முனை நட்சத்திரம், சீனாவின் சிவப்பு உருண்டை விளக்கு ஆகியவை தனித்தனியே கம்பீரமானவை. ஒவ்வொன்றும் அறையின் நடுவிடத்தைக் கேட்பது. மூன்றையும் அருகருகே தொங்கவிட்டால், விளக்குக் கடையின் முகப்பைத்தான் காண்போம். ஆண்டுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது ஒன்று வாசலுக்கு, ஒன்று கூடத்துக்கு எனப் பிரிக்கலாம்.

சன்னலில் விளக்கு வைப்பவர்கள் ஒரு சிறிய இயற்பியலை மறக்கக் கூடாது. சுவீடனில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் முக்கோணமாக உயரும் ஏழு மின் மெழுகுவர்த்திகள் கொண்ட தாங்கியைச் சன்னல்தோறும் வைக்கிறார்கள். அது தெருவில் நடப்பவருக்காகவும் வைக்கப்படுவது. உள்ளே பெரிய விளக்கு எரியும்போது சன்னல் கண்ணாடி உள்ளிருப்பவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாகவே மாறி, அறையையே பிரதிபலிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ அறையின் வெளிச்சத்தில் சன்னல் விளக்கு கரைந்துவிடும். சன்னல் விளக்கு எரியும் அறை மங்கலாக இருந்தாக வேண்டும்.

இனி, அழகோடு நில்லாமல் ஆபத்தாகவும் மாறும் தவறுகளைச் சொல்ல வேண்டும். அவற்றுள் முதலாவது, மொட்டை மாடியிலிருந்து வான விளக்குப் பறக்கவிடுவது. வடதாய்லாந்தின் சியாங் மாயில் யீ பெங் விழாவின்போது வானில் மிதக்கும் விளக்குகளின் படங்கள் உலகெங்கும் பரவியுள்ளன. ஆனால் அந்த விழா நாட்களில் சியாங் மாய் விமான நிலையத்தில் விமானங்கள் ரத்து செய்யப்படுவதும் நேரம் மாற்றப்படுவதும் வழக்கம் என்பது படங்களில் தெரிவதில்லை. எரியும் திரியோடு காற்றில் போகும் காகிதப் பை எங்கே இறங்கும் என்பது ஏற்றியவர் கையில் இல்லை. 2020 புத்தாண்டு இரவில் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் விலங்குக் காட்சிச்சாலையில் இத்தகைய விளக்குகளால் மூண்ட தீயில், குரங்குகள் உட்பட 30க்கும் மேற்பட்ட விலங்குகள் கருகி இறந்தன. குடிசைகளும் வைக்கோல் போர்களும் கூரைக் கொட்டகைகளும் உள்ள ஊர்களில் இதைச் செய்வதை எந்த அழகும் நியாயப்படுத்தாது. அந்தக் காட்சியை விரும்புபவர்கள், மாடியில் கயிறு கட்டி, காகிதக் கூண்டுகளை வெவ்வேறு உயரங்களில் தொங்கவிட்டு, உள்ளே பேட்டரி விளக்கு வைக்கலாம். காகிதம், பட்டு, உலர்ந்த பூ, திரைச்சீலை ஆகியவற்றின் அருகில் உண்மைச் சுடர் வேண்டாம். சுடர்தான் வேண்டுமென்றால் தடித்த கண்ணாடிக் குவளையில், அடியில் மணல் பரப்பி, கல் அல்லது ஓட்டுத் தரையின் மேல் வைத்து, ஆள் இருக்கும் நேரம் மட்டும் எரிய வேண்டும்.

பேட்டரியால் எரியும் போலிச் சுடர்களில் பெரும்பாலும் பொத்தான் பேட்டரி இருக்கிறது. சிறு குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே உணவுக்குழாயில் கடுமையான புண் ஏற்படலாம். திருகாணியால் மூடப்பட்ட பேட்டரி அறை இல்லாத விளக்கைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். சீரியல் செட் என்று நாம் வாங்கும் மலிவான விளக்குச் சரங்களில், இரண்டு மூன்று வோல்ட்டில் எரியக்கூடிய சிறு பல்புகள் பலவற்றைத் தொடராக இணைத்து, நேரடியாக 230 வோல்ட்டில் செருகுகிறார்கள். பல்பு சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று எண்ணுவது பெரும் பிழை. சரத்தின் எந்த இடத்தில் வயரின் தோல் கிழிந்தாலும், அங்கே தொடுபவரை உயிர்போகும் அளவுக்கு மின்சாரம் தாக்கலாம். அந்தச் சரத்தை பால்கனியின் இரும்புக் கிரில்லில் இறுக்கிச் சுற்றிக் கட்டுகிறோம், கூரிய விளிம்பு தோலைக் கிழிக்கிறது, மழை பெய்கிறது, கிரில் முழுவதிலும் மின்சாரம் பாய்கிறது. பிளக் இல்லாத வயரின் இரு முனைகளையும் சீவி, சாக்கெட்டில் விட்டு, தீக்குச்சியால் இறுக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் நீடிப்பது வேதனையானது.

வெளிப்புறத்துக்கு, அடாப்டர் வழியாக 24 வோல்ட் அல்லது அதற்கும் குறைவான மின்னழுத்தத்தில் எரியும் சரங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டியின் மேல் ஐ.பி. என்ற எழுத்துகளுக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதலாவது தூசிக்கு எதிரான காப்பு, இரண்டாவது நீருக்கு எதிரான காப்பு. ஐ.பி. 20 என்றால் நீருக்கு எதிராக எந்தக் காப்பும் இல்லை, அது வீட்டுக்குள் மட்டும், ஐ.பி. 44 சாரலைத் தாங்கும், ஐ.பி. 65 பீய்ச்சியடிக்கும் நீரையும் தாங்கும். இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு: சரத்துக்கு ஐ.பி. 65 என்று போட்டிருந்தாலும் அதன் அடாப்டருக்கு அந்தக் காப்பு இல்லாமல் இருக்கலாம். ஆகவே அடாப்டரும் பிளக்கும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பெட்டியில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் சரங்களை ஒன்றன் பின் ஒன்றாக இணைக்கக் கூடாது. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைத்தபடியே பயன்படுத்தினால் சூடு வெளியேற வழியின்றி அது உருகக்கூடும். முழுவதும் விரித்துப் பயன்படுத்த வேண்டும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ளதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி அது இயங்குவதை உறுதிசெய்த பிறகே அலங்கார வேலையைத் தொடங்க வேண்டும்.

விட்டுவிட்டு மின்னும் விளக்குகளை உள்ளறைகளில் தவிர்ப்பது நல்லது. வேகமாக மின்னும் ஒளி, குறிப்பாக நொடிக்கு 3 முதல் 30 முறை வரை, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்குத் தீங்கானது. சரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் நிலையாக எரியும் முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். பல செட்டுகள் மின்வெட்டுக்குப் பின் மீண்டும் மின்னும் முறைக்கே திரும்பிவிடுவதால், வாங்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில விளக்குகளை அலங்காரமாக எடுத்தாளும் முன் அவை எதற்காக ஏற்றப்படுகின்றன என்று அறிந்துகொள்வது மரியாதை. ஹிரோஷிமாவில் ஆகஸ்ட் 6 மாலையில் ஆற்றில் மிதக்கவிடப்படும் காகித விளக்குகள் 1945இல் அணுகுண்டால் மாண்டவர்களுக்காக மிதப்பவை. அந்த வடிவத்தைப் பிறந்தநாள் விருந்தின் நீர்த்தொட்டியில் மிதக்கவிடுவது தகாது. யூதர்களின் ஹனுக்கா விளக்கில் எட்டுச் சுடர்களும், அவற்றை ஏற்றப் பயன்படும் ஷமாஷ் என்ற ஒன்பதாவது சுடரும் உண்டு; அந்த எட்டின் ஒளியில் படிப்பதோ வேலை செய்வதோ கூடாது என்பது அவர்கள் மரபு. அதை உணவு மேசைக்கு வெளிச்சம் தரும் பொருளாக வாங்கி வைப்பவர் அந்த மரபுக்கு நேர்மாறாக நடக்கிறார். இத்தகைய வடிவங்களை விட்டுவிட்டு, மகிழ்ச்சிக்காகவே தோன்றிய விளக்குகளைத் தேர்ந்தெடுப்பது கடினமல்ல.

விடியும்வரை எரியவிடுவதும் தவறே. சென்னையின் பெசன்ட் நகர், நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதிகளில், ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. பொரிந்து வரும் குஞ்சுகள் கடலின் மெல்லிய ஒளியை நோக்கிப் போக வேண்டியவை, வீடுகளின் விளக்குகளை நோக்கித் திரும்பிச் சாலைக்கு வந்து மடிகின்றன. கடலைப் பார்த்த பால்கனிகளில் ஜனவரி முதல் மே வரை அலங்கார விளக்கே வேண்டாம். மற்ற இடங்களிலும், ஒரு டைமர் சுவிட்சை இரவு பத்து மணிக்கு அணையுமாறு வைத்துவிட்டால் அண்டை வீட்டாரின் தூக்கமும் காக்கப்படும்.

விழா முடிந்ததும் சரங்களை அறுத்திழுக்காமல், அட்டைத் துண்டில் தளர்வாகச் சுற்றி வைக்க வேண்டும். பேட்டரிகளை உள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து விளக்கையே கெடுக்கும். கழற்றித் தனியே வைக்க வேண்டும். பட்டுக் கூண்டுகளைத் தூசி தட்டி மடக்கி, ஈரம் படாத பெட்டியில் வைத்தால் அடுத்த ஆண்டும் பயன்படும். தோல் கிழிந்த வயர் ஒன்று கண்ணில் பட்டால், இன்சுலேஷன் டேப் ஒட்டி அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்காமல் அந்தச் சரத்தை அப்போதே கழித்துவிட வேண்டும்.