கேம்ஷாஃப்ட் மாற்றுகிறவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பழைய காருக்குப் பெரிய கேம் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டு, ஃபிளைவீலையும் (கிராங்க் முனையில் சுழலும் கனமான சக்கரம்) லேத்தில் கொடுத்து எடை குறைப்பவர்கள் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஆயில் ஊற்ற மறப்பது, போல்ட்டைத் தளர்வாக விடுவது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

மார்க்கை மட்டும் நம்புவது

"மார்க் சேர்ந்துடுச்சுண்ணே" என்று சொல்லிச் சாவியைத் திருப்புவதைப் பார்த்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. கேமையும் கிராங்கையும் சேர்த்து வைக்கப் புல்லிகளில் இருக்கும் அந்த மார்க், கம்பெனி கேமுக்காகப் போட்டது. லிஃப்ட் (வால்வ் திறக்கும் அளவு) கூடினால் வால்வ் இன்னும் ஆழமாக இறங்கும். டியூரேஷன் (வால்வ் திறந்திருக்கும் காலம்) கூடினால் பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் வால்வ் கூடுதலாகத் திறந்து நிற்கும். ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பாகம்) முன்பே 0.5 மி.மீ. சீவியிருந்தால், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இன்னும் குறையும்.

பிஸ்டன் தலையில் வால்வ் பள்ளங்களின் மேல் பிள்ளைகள் விளையாடும் கிளேயை 5 மி.மீ. தடிமனுக்கு அப்புங்கள். ஒட்டாமலிருக்க வால்வில் ஆயில் தடவுங்கள். ஏற்கெனவே அமுங்கிய பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை முறுக்கி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று. எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் காட்டாதீர்கள். பிறகு கிளேயை பிளேடால் அறுத்து, மெலிந்த இடத்தை அளக்க வேண்டும்: இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டாப்பெட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருப்பது) அமுங்கிக்கொடுத்துப் பொய்க் கணக்குக் காட்டும். சோதனைக்கு மட்டுமாவது சாலிட் டாப்பெட் போடுங்கள்.

கையால் சுற்றும்போது தட்டவில்லையே என்பார்கள். 6,500 ஆர்பிஎம்மில் ஸ்பிரிங் வால்வை உரிய நேரத்தில் மேலே இழுக்காது, கேமைச் சுற்றும் பெல்ட்டும் சற்று நெகிழும். ஊருக்குள் சமர்த்தாக ஓடிய வண்டி, காவேரிப்பட்டணம் தாண்டி மூன்றாவது கியரில் இழுத்ததும் 'டக்'. வால்வ் வளைந்து, பிஸ்டனில் பிறை வடிவத் தழும்பு விழுந்திருக்கும். வால்வின் தலை முறிந்து உள்ளே விழுந்தால் பிளாக்கே போச்சு. ஒரு மாலை நேர வேலையை மிச்சம் பிடித்ததற்கு இந்தச் செலவு.

ஃபிளைவீலைக் கண்டபடி கடைவது

ஃபிளைவீலைக் கடைவதால் பவர் அதிகமாகாது. முதல் இரண்டு கியரில் பிக்கப் தெரியும். மேல் கியரில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆள் ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது நின்று கிளம்பினால் எஞ்சின் அணைந்து அணைந்து போகும். பலன் வேண்டுமென்றால் விளிம்புப் பக்கம்தான் கடைய வேண்டும். போல்ட் துளைகளுக்கு அருகே கை வைக்கக் கூடாது. வார்ப்பிரும்பு அதிவேகத்தில் வெடித்தால் கிளட்ச் கூண்டு தாங்காது. கடைந்தபின் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டவே மாட்டாதீர்கள்.

ரப்பர் வைத்த கிராங்க் புல்லியைக் கழற்றி அலுமினியப் புல்லி போடுவது

அந்த ரப்பர்தான் கிராங்கின் முறுக்கு அதிர்வை வாங்கிக்கொள்கிறது. அது இல்லாவிட்டால் கிராங்க் முறியலாம்.

தேய்ந்த டாப்பெட்டில் புதுக் கேம்

இரண்டும் சேர்ந்து தேயும்.

நியூட்ரலில் இறக்கம்

பெரிய கேமில் ஐடிலிங் வேக்யூம் (எஞ்சின் சும்மா ஓடும்போது உள்ளே இழுக்கும் உறிஞ்சல்) குறையும், பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டர் அந்த வேக்யூமை நம்பியிருக்கிறது. தருமபுரியிலிருந்து தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெடல் கல்லாகும். கேம் மாட்டிய அன்றே வேக்யூம் கேஜ் வைத்து ஐடிலிங்கில் பாருங்கள். பூஸ்டருக்குப் போதவில்லை என்றால் தனி வேக்யூம் பம்ப் வைக்க வேண்டும், அல்லது சின்னக் கேமுக்கு இறங்க வேண்டும்.