டப்பா தேடப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறீர்களா?

யாரோ ஒளித்து வைத்த டப்பாவைப் போனில் உள்ள ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடும் விளையாட்டுதான் ஜியோகேச்சிங். செங்கோட்டையில் எங்கள் ஜியோகேச்சிங் குழுவில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். முதல் நாளே போனை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் பின்னால் நடந்தால் போதும். ஜிபிஎஸ் கடைசி 5, 10 மீட்டரில் தடுமாறும். புளியரைப் பக்கம் மரத்தடியில் இன்னும் மோசம். அங்கே போனைப் பையில் போடச் சொல்லிவிட்டு, "நீ ஒளிச்சு வைக்கணும்னா எங்க வைப்ப?" என்று கேட்பேன். என் அண்ணன் மகள் அப்படித்தான் கல்லிடுக்கில் கிடந்த டப்பாவைப் பிடித்தாள். ஆனால் கையை விடும் முன் குச்சியால் தட்டிப் பார்க்கணும், தேள் இருக்கும்.

உள்ளே இருக்கும் தாளில் பெயர், தேதி. பென்சில்தான், சாரல் காலத்தில் பேனா மை ஊறிவிடும். ஒரு பொம்மை எடுத்தால் அதே மதிப்பில் ஒன்று வைக்கணும். தின்பண்டம் கூடாது. ஒருமுறை நான் கடலைமிட்டாய் வைக்கப்போய், குரங்கு டப்பாவையே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

பெரிய பிள்ளைகளுக்குத் தேடுவது சீக்கிரம் சலித்துவிடும். ஒளித்து வைக்கும் வேலையை அவர்களிடம் விடுங்கள்: இடத்துக்காரரிடம் அனுமதி கேட்பது, மண்ணைத் தோண்டாமல் மறைப்பது, அடுத்த டப்பாவுக்கு 161 மீட்டராவது தள்ளி வைப்பது. புதிரும் எழுதட்டும். செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஆண்டைப் பூட்டு எண்ணாக வைத்தான் ஒரு பத்தாம் வகுப்புப் பையன். 1956 என்று எங்களுக்கு உறைக்க ரெண்டு வாரம் ஆனது.