புற்றுநோய் ஆய்வாளரை எண்களால் எடைபோடும்போது நேரும் தவறுகள்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் ஒரு புற்றுநோய் ஆய்வாளரின் பக்கத்தைத் திறந்தால் ஓரமாக ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மொத்த மேற்கோள்கள் (அவருடைய கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டின என்ற கணக்கு), எச்-இன்டெக்ஸ், ஐ10-இன்டெக்ஸ் (குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கை). முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடும் மாணவரும் சரி, நல்ல மருத்துவரைத் தேடும் குடும்பமும் சரி, பெரும்பாலும் அந்தப் பெட்டியைப் பார்த்த கையோடு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். முதல் தவறு அங்கேதான்.

எச்-இன்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருக்கு அது 40 என்றால், குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 40 இருக்கின்றன. அவ்வளவுதான். மூன்றே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் பத்தாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் அவருடைய எண் 3தான். வயது ஏற ஏற எண் கூடலாம், சரிவதில்லை. அதனால் முப்பது வருட அனுபவக்காரரையும் ஆய்வகம் தொடங்கி ஐந்து வருடமானவரையும் இதை வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. துறைக்குள்ளேயும் வேறுபாடு உண்டு. பெரிய மருந்துப் பரிசோதனைக் குழுக்களில் இருப்பவரின் பெயர் ஒரே வருடத்தில் பல கட்டுரைகளில் வரும். எலிகளை வைத்து ஒரே மரபணுவைத் துரத்துபவருக்கோ ஒரு கட்டுரைக்கே பல வருடம் போய்விடும்.

எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விடுவது அடுத்தது. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (துறை வல்லுநர்கள் சரிபார்க்கும் முன்பே வெளியாகும் கட்டுரை) எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளங்கள் தேர்ந்தெடுத்தே சேர்க்கும். ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று எண். கட்டுரைப் பட்டியல் நீளமாக இருந்தால், அதில் மாநாட்டுச் சுருக்கங்கள் எத்தனை என்றும் பாருங்கள். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோவின் ஆண்டு மாநாட்டுச் சுருக்கங்கள் ‘ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி’யின் இணைப்பாக வெளிவருவதால், மேலோட்டமாகப் பார்த்தால் முழுக் கட்டுரை போலவே தெரியும். வாங், கிம் போன்ற பெயர்களில் பல ஆட்களின் கட்டுரைகள் ஒரே கணக்கில் கலந்துவிடுவதும் உண்டு. ஆர்சிட் என்ற 16 இலக்க அடையாள எண் வந்ததே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான்.

பெயர் வரிசையைத் தவறாகப் படிப்பவர்களும் நிறைய. உயிரியல் மருத்துவத்தில் முதல் பெயர் பொதுவாகச் சோதனையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. சிடிஎல்ஏ-4 என்ற தடையை முடக்கினால் எலியின் நோயெதிர்ப்பு அமைப்பே கட்டியைத் தாக்கும் என்று காட்டிய 1996 ‘சயின்ஸ்’ கட்டுரையில் முதல் பெயர் லீச், கடைசிப் பெயர் ஜேம்ஸ் அலிசன். அந்த வழியில் பிறந்த இபிலிமுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் 2011இல் ஒப்புதல் கிடைத்தது. 2018இல் அலிசன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முதலாசிரியர் கட்டுரைகளை மட்டும் எண்ணியிருந்தால் இது கணக்கிலேயே வந்திருக்காது.

ஆய்விதழின் மதிப்பை ஆளின் மேல் ஏற்றுவது பழைய வியாதி. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ‘சிஏ’ இதழின் இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது அதன் அண்மைக் கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள், 200ஐயும் தாண்டியிருக்கிறது. அதற்குப் பெரிய காரணம், ஏறத்தாழ எல்லாரும் தங்கள் கட்டுரையின் முதல் வரியிலேயே மேற்கோள் காட்டும் வருடாந்திரப் புள்ளிவிவரத் தொகுப்புகள். இதழின் சராசரியைத் தனிமனிதருக்கு மதிப்பெண்ணாகப் போடாதீர்கள் என்று 2012இல் உருவான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் சொன்னது. கேட்டவர்கள் குறைவு என்பது என் எண்ணம்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, மேற்கோளை ஒப்புதல் என்று நினைப்பது. ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தார் 53 முக்கியமான ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து, 6இல்தான் அதே முடிவு கிடைத்ததாக 2012இல் எழுதினார்கள். கட்டியின் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்தே கீமோ மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2006இல் ஒரு கட்டுரை வந்தது. எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் பேகர்லியும் கூம்ப்ஸும் தரவில் பிழைகளைக் கண்டுபிடித்துச் சொல்லியும், அதை நம்பி நோயாளிகளைச் சேர்த்துப் பரிசோதனைகள் நடந்தன. கட்டுரை 2011இல்தான் திரும்பப் பெறப்பட்டது. அதைச் சுட்டிக்காட்டித் திட்டியவர்களின் கட்டுரைகளும் மேற்கோள் கணக்கில்தான் சேரும்!

சரி, எப்படித்தான் பார்ப்பது? நான் ஐந்து கட்டுரைகளை எடுத்துக்கொள்வேன். மற்றவர்களின் வேலையைத் தொகுத்த விமர்சனக் கட்டுரைகளைத் தனியே ஒதுக்கிவிடுவேன், அவற்றுக்கு மேற்கோள் எப்போதும் கூடுதல். அப்புறம், வேறு குழு அதே முடிவைக் கண்டதா, சிகிச்சை வழிகாட்டு நெறிமுறைகள் அதைச் சுட்டுகின்றனவா என்று தேடுவேன். பெர்னார்ட் ஃபிஷர் குழு 1985இல், மார்பகம் முழுவதையும் அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் பிழைப்பதில் குறைவில்லை என்று காட்டியது. அதன் தாக்கத்தை அறுவை அரங்குகளில்தான் பார்க்க முடியும். பொறுமையும் வேண்டும். கோழிக் கட்டிக்கு வைரஸ் காரணம் என்று பெய்டன் ரவுஸ் எழுதியது 1911இல், அதற்கு நோபல் கிடைத்தது 1966இல்.