செராமிக் படிக்கப் போறீங்களா? முதல்ல ஒரு ஸ்கேல் வாங்குங்க

செராமிக் டிசைன், அதாவது மண்ணைச் சுட்டுப் பாத்திரமும் பொருளும் வடிவமைக்கிற படிப்பு, படிக்க வருகிறவர்களில் நிறைய பேர் பானை வனையும் சக்கரத்தை நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். ரீல்ஸில் பார்த்த மாதிரி சக்கரம் சுற்றும், விரல் பட்டதும் மண் பூ மாதிரி விரியும் என்று. சக்கரம் உண்டு, ஆனால் உங்கள் நேரத்தைத் தின்னப்போவது ஸ்கேல், தராசு, நோட்டு மூன்றும்தான். இதை எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

சென்னையில் இதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்த கலைப்பள்ளிதான் அது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான்கு வருட பி.எஃப்.ஏ. (கவின் கலைப் பட்டம்), செராமிக்குக்குத் தனித் துறை. சேர்வதற்கு வரைந்து காட்ட வேண்டும், அதனால் பானை செய்யத் தெரியுமா என்ற கவலையை விட்டுவிட்டு கையில் பென்சிலை எடுங்கள். அங்கிருந்து பக்கம்தான் பாந்தியன் ரோடு மியூசியம். ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகள் இருக்கின்றன, ஒன்றின் முன்னால் அரை நாள் உட்காருங்கள். நடுவில் ஒரு கோடு போட்டு, இடது பாதியில் வெளித்தோற்றம், வலது பாதியில் அதையே குறுக்கே வெட்டினால் தெரிகிற சுவர் என்று வரையுங்கள். உள்ளே பார்க்க முடியாதே என்றால் ஊகித்து வரையுங்கள். ஒரு பாத்திரத்தை இப்படி வெட்டிப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிப் படிப்பு முடிந்த மாதிரி.

சரி, ஸ்கேல் எதற்கு? மண் சுருங்கும். காயும்போது கொஞ்சம், சூளையில் இன்னும் கொஞ்சம். பீங்கான் மண் மொத்தமாக 12 முதல் 15 சதவீதம் வரைகூட சுருங்கும். நான் முதன்முதலில் மோல்டு, அதாவது மண் கூழை ஊற்றி வடிவம் எடுக்கிற பிளாஸ்டர் அச்சு, எடுத்தது வீட்டு காபி டம்ளரை மாதிரியாக வைத்து, அதே அளவில். சுட்டு வெளியே வந்தபோது அது டம்ளர் இல்லை, சொப்பு சாமான். உயரம் 12 சதவீதம் குறைந்தால் அகலமும் குறையும், ஆழமும் குறையும், 300 மில்லி பிடித்தது ஏறக்குறைய 200 மில்லிதான் பிடிக்கும் (அம்மா அதில் இப்போது கல் உப்பு போட்டு வைத்திருக்கிறார்).

அதனால் எந்த மண் கைக்கு வந்தாலும் முதலில் ஒரு பட்டை செய்து, ஈரத்திலேயே அதன்மேல் சரியாக 10 செ.மீ. கோடு கீறிவிடுங்கள். சுட்டபின் கோடு 8.8 செ.மீ. என்றால் சுருக்கம் 12 சதவீதம். இங்கேதான் எல்லாரும் தப்பு செய்வது: 10 செ.மீ. கோப்பை வேண்டுமென்றால் 12 சதவீதம் கூட்டி 11.2 என்று போடக்கூடாது, 10-ஐ 0.88-ஆல் வகுக்க வேண்டும், 11.36 வரும். ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்பீர்கள். மூடியைப் போட்டுப் பார்க்கும்போது தெரியும்.

அப்புறம் நம்ம ஊர் வெயிலும் மழையும். மே மாதம் ஃபேனுக்குக் கீழே கோப்பையை வைத்தால் விளிம்பு முதலில் காய்ந்து, அடி ஈரமாகவே இருந்து, விரிசல் விடும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி மெதுவாகக் காயவிடுங்கள். கைப்பிடி ஒட்டும்போது கோப்பையும் கைப்பிடியும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும்: தொட்டால் கையில் ஒட்டக்கூடாது, அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழ வேண்டும். ஐப்பசி மழையில் கதை தலைகீழ், பிளாஸ்டர் மோல்டு காயவே காயாது. ஈர மோல்டில் மண் கூழை ஊற்றினால் அது தண்ணீரை உறிஞ்சாது, உள்பக்கம் மண் சுவராகப் படியாது. மோல்டு வேலையை மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள், கடைசி வாரத்துக்குத் தள்ளியவர்கள் ஹேர் டிரையரோடு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

பீங்கானுக்கு ஞாபகசக்தி அதிகம். ஈரத்தில் வளைந்த விளிம்பை நீங்கள் நேராக்கிவிட்டதாக நினைப்பீர்கள், 1250 டிகிரியைத் தாண்டும்போது அது இளகிப் பழைய கோணலுக்கே போய்விடும். அதனால் ஸ்டோன்வேரில் (பீங்கானைவிடக் கையாள எளிதான மண்) கை பழகிய பிறகு பீங்கானுக்கு வாருங்கள்.

கிளேஸ், அதாவது பாத்திரத்தின்மேல் பூசிச் சுடுகிற கண்ணாடிப் பூச்சு, அதன் சோதனைக்கான சின்ன ஓடுகளைப் படுக்க வைத்துச் சுடாதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். அப்போதுதான் எவ்வளவு வழிகிறது என்று தெரியும். ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு நம்பர் போடுங்கள். பேனாவால் எழுதினால் சூளையில் எரிந்து போய்விடும், ஈரத்திலேயே கீறுங்கள், இல்லையென்றால் இரும்பு ஆக்சைடைக் கரைத்து எழுதுங்கள். அதே நம்பரும், கிளேஸில் எதை எத்தனை கிராம் போட்டீர்கள் என்பதும் நோட்டில் இருக்க வேண்டும். நான் ஒரு தடவை எழுதாமல் விட்டேன். அந்த நீலம் மறுபடி வரவே இல்லை.

ஸ்டுடியோவை விளக்குமாறால் பெருக்காதீர்கள், சிலிக்கா தூசி நுரையீரலுக்குப் போகும். ஈரத்துணிதான். பிளாஸ்டர் கழுவிய தண்ணீரை சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும், தனி வாளி வையுங்கள்.

நவராத்திரிக்கு முன்னால் ஒரு நாள் கொசப்பேட்டை போய்வாருங்கள். கொலு பொம்மைக்கு அச்சில் மண்ணை அழுத்தி, இரண்டு பாதியையும் ஒட்டுகிற கையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கேள்வி கேட்பதற்கு முன் ஒரு பொம்மை வாங்கிவிடுங்கள்.