வெளியே குஞ்சு வாங்காமல் கொல்லைக் கோழிகளைப் பெருக்குவது எப்படி?

வண்டியில் கூவி விற்கிற சாயக் குஞ்சுகளை இனி வாங்க வேண்டாம். ஆறு நாட்டுப் பொட்டைக்கோழியும் நல்ல சேவல் ஒன்றும் இருந்தால், வருஷா வருஷம் கூட்டம் தானாகவே புதுசாகிக்கொள்ளும். மன்னார்குடிப் பக்கம் எங்கள் கொல்லையில் அப்படித்தான் நடக்கிறது. கூண்டு, தீனி பற்றி இங்கே எழுதவில்லை. நொய்யும் தவிடும் களத்துப் பதரும் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவைதான்.

காலம்

ஐப்பசி, கார்த்திகையில் பொரிக்கிற குஞ்சு ஈரத்தரையில் விறைத்துவிடும். மார்கழிக் கடைசியில் அடை வையுங்கள். தையில் பொரிக்கும் குஞ்சுகளில் வெடைகள், அதாவது இளம் பொட்டைகள், ஆடி, ஆவணி வாக்கில் முட்டைக்கு வந்துவிடும்.

முட்டை

கூர்முனை கீழே இருக்கும்படி தவிட்டில் செருகி, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் பழசானது அடைக்கு ஆகாது.

அடை வைப்பது

பலரும் திணறுகிற இடம் இதுதான். ஒரு கோழி அடை கிடக்கிற இடத்திலேயே மற்ற கோழிகளும் வந்து முட்டையிட்டுப் போகும். நாள் வித்தியாசமான முட்டைகள் கலந்துவிடும். 21 நாளில் முதல் குஞ்சுகள் வெளியே வந்ததும் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். மீதி முட்டைகள் பாதி வளர்ந்த நிலையில் குளிர்ந்து கெட்டுப்போகும்.

அதனால் அடைக்கோழியைத் தனி அறைக்கு மாற்றியே ஆகவேண்டும். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். நன்றாக இருட்டிய பிறகு தூக்கி, கூடையில் மணல் பரப்பி, இரண்டு கூமுட்டை வைத்து உட்கார வையுங்கள். மறுநாள் முழுக்க எழாமல் கிடந்தால், அன்றிரவு அவற்றை எடுத்துவிட்டு நல்ல முட்டை பத்துப் பன்னிரண்டை ஒரே நேரத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம், அதன் மை ஓட்டுக்குள் இறங்கும். கோடில்லாத முட்டை பிறகு தென்பட்டால் எடுத்துவிடலாம். செள்ளுப்பூச்சி அண்டாமலிருக்க மணலுக்கடியில் காய்ந்த வேப்பிலை போடுங்கள். இடிக்குப் பயந்து கரித்துண்டும் இரும்பும் வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம், நானும் விடவில்லை.

ஏழாம் நாள் இரவு, அட்டையைக் குழலாகச் சுருட்டி செல்போன் விளக்கில் பாருங்கள். சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு கோழிக்குள் இன்குபேட்டர் தேவையே இல்லை. கரண்ட் போனாலும் அடைக்கோழியின் சூடு குறையாது, குஞ்சை மேய்க்கவும் அதுவே கற்றுக்கொடுக்கும்.

குஞ்சுகள்

பருந்துக்கும் காக்கைக்கும் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடையான பஞ்சாரம்தான் சரி. பிளாஸ்டிக் கூடைக்குள் வெயிலில் வெந்துபோகும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையில் தடுப்பூசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஒரு குப்பி மருந்து ஏராளமான கோழிகளுக்கு வரும், கரைத்தபின் தாங்காது. தெருவில் நாலு வீட்டைச் சேர்த்துக்கொண்டு ஐஸ் போட்ட பிளாஸ்குடன் போங்கள்.

எதை நிறுத்திக்கொள்வது

குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாகிவிடும். வியாபாரி வருவதற்கு முன், காதுகுத்துக்குக் கேட்டு உறவுக்காரர் வருவதற்கு முன், நிறுத்திக்கொள்ளும் வெடைகளின் காலில் வளையம் மாட்டிவிடுங்கள். கொழுத்ததைப் பார்த்து எடுக்காதீர்கள். போன தடவை ஒழுங்காக அடை கிடந்து குஞ்சைக் காப்பாற்றிய தாயின் வெடையை எடுங்கள். வருஷத்துக்கு மூன்று புது வெடை சேர்ந்தால் மூன்று கிழக்கோழியைக் கழிக்கலாம்.

சேவலை மட்டும் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளக் கூடாது. மகளோடும் பேத்தியோடும் சேர்ந்தால் பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும். நாங்கள் பாமணியாற்றுக்கு அக்கரையில் சொந்தக்காரர் வீட்டோடு சேவல் மாற்றிக்கொள்கிறோம். வந்த சேவலை இரண்டு வாரம் தனியே கட்டிவைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் விடுங்கள்.

பின்சேர்க்கை: எல்லாக் கோழியும் ஒரே சமயத்தில் அடைக்கு உட்கார்ந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இரண்டுக்கு மட்டும் ஒரே நாளில் முட்டை வையுங்கள். பொரித்த அன்றிரவே இரண்டின் குஞ்சுகளையும் ஒரு தாயிடம் சேர்த்துவிட்டால், மற்றது சீக்கிரம் முட்டைக்குத் திரும்பும். மீதிக் கோழிகளைத் தண்ணீரில் முக்கி வதைக்க வேண்டாம். அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் நாலைந்து நாள் தீனி, தண்ணீரோடு விட்டால் அடை தெளிந்துவிடும்.