நாய் குரைச்சா ஆள் நிக்குது எண்டில்ல: மனச்சிதைவுக்கு நாய் வளர்க்கேக்க விடுற பிழையள்

இரவில நாய் வேலிப்பக்கம் பாத்துக் குரைச்சா வன்னியில அதுக்கு நூறு காரணம் இருக்கும், யானை, பண்டி, பாம்பு, பக்கத்து வளவு நாய், ஒண்டுமில்லாட்டி தேங்காய் விழுந்த சத்தம். ஆனா மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), அதாவது இல்லாத குரல் கேக்கிற, இல்லாத உருவம் தெரியிற, ஆக்களில சந்தேகம் வாற வருத்தம் உள்ள பிள்ளை ஒண்டு அந்த வீட்டில இருந்தா அதே குரைப்பு வேற மாதிரிப் போய்ச் சேரும். "பாத்தியளோ, நாய்க்கும் தெரியுது, ஆக்கள் நிக்கினம் எண்டு நான் சொன்னனான் எல்லோ." என்ர பெரியம்மாட மகன் இப்பிடிச் சொல்லிக்கொண்டு விடியும் மட்டும் டோர்ச்சோட கதவடியில இருந்தவன். அவனுக்கு உதவியா இருக்கும் எண்டுதான் நாங்கள் நாயே கொண்டந்தது, மனச்சிதைவு உள்ள ஆளுக்கு நாய் உதவுற வெளிநாட்டு வீடியோ ஒண்டை யூரியூப்பில பாத்திட்டு.

அந்த வீடியோவில நாங்கள் சரியாக் கவனிக்காத விசயம் ஒண்டு இருந்தது. அங்க இதுக்கெண்டே பழக்கின நாய் தானாக் குரைச்சு ஒண்டும் சொல்லுறேல்ல. வருத்தமுள்ள ஆள் ஒரு மூலையைக் காட்டி "போய் வணக்கம் சொல்லு" எண்டு கட்டளை குடுக்கும், அங்க உண்மையிலயே ஒருத்தர் நிண்டா நாய் போய் அவரை மூக்கால தொடும், ஒருத்தரும் இல்லாட்டி திரும்பி நிண்டு எசமான்ர முகத்தைப் பாக்கும், அவ்வளவுதான். கேள்வி கேக்கிறது ஆள், பதில் சொல்லத்தான் நாயைப் பழக்கிறது. மற்றபடி எது மாயை எது நிசம் எண்டு நாய்க்கு ஒரு நாளும் தெரியாது. உருவம் தெரியிற ஆளுக்கு இது உதவும், குரல் மட்டும் கேக்கிற ஆளுக்குப் பெரிசா உதவாது, மதிலுக்கு அங்கால கதைக்கிற மாதிரி ஒரு குரல் கேட்டா நாய் எங்க போய் வணக்கம் சொல்லுறது?

எங்கட ஆக்களுக்கு இதில இன்னொரு சிக்கலும் இருக்கு. நாய் ஊளையிட்டா எமன் வாறான், நாய்க்குப் பேய் தெரியும் எண்டு சின்னனில இருந்து கேட்டு வளந்த ஆக்கள் நாங்கள். வைரவர் கோயில் இல்லாத ஊரும் இஞ்ச குறைவு, நாய் அவற்ர வாகனம். நல்லா இருக்கிற ஆளுக்கு இது வெறும் கதை, வருத்தம் கூடின நேரத்தில ஒருத்தருக்கு நாயே கட்டளை கொண்டு வாற தூதனா மாறலாம். அதால நாய் வாங்க முதல் அந்த ஆளிட்டயே கேளுங்கோ, நாயைப் பற்றி என்ன நினைக்கிறாய், பயமிருக்கோ, குரலுகள் மிருகங்களைப் பற்றிக் கதைக்குதோ எண்டு. டொக்டரிட்டயும் ஒருக்காச் சொல்லிப்போட்டுச் செய்யிறது நல்லம்.

அடுத்த பெரிய பிழை, காவல் நாயைக் கொண்டந்து உதவி நாய் எண்டு நினைக்கிறது. இஞ்ச நாய் எண்டாலே காவலுக்குத்தானே, படலையில ஆள் வந்தா குரைக்கிற நாய்தான் நல்ல நாய். ஏற்கனவே ஊரே தன்னை நோட்டம் பாக்குது எண்டு நினைக்கிற ஒருத்தருக்குப் பக்கத்தில எல்லாரையும் சந்தேகிக்கிற நாயைக் கட்டி விட்டா என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ. ரொட்வைலர், ஜேர்மன் ஷெப்பேர்ட் எண்டு காசைக் கொட்டவே தேவையில்ல, ஆக்களைக் கண்டா வாலாட்டுற, வெடிச் சத்தத்துக்குப் பதறாத ஊர்க்குட்டி ஒண்டு இதுக்குத் திறம். முழு ரெயினிங்குக்கு ஒண்டரை ரெண்டு வருசம் பிடிக்கும், ஒரு மாசத்தில பழக்கித் தாறம் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ.

இனி மருந்துக் கதை. நாய் வந்தாப்பிறகு பெடியன் சிரிக்கிறான், வளவுக்குள்ள நடக்கிறான், இனி என்னத்துக்கு ஊசி எண்டு வீட்டுக்காரரே நிப்பாட்டிப் போடுவினம், ஏ9 றோட்டால பஸ் ஏறி கிளினிக்குக்குப் போற அலைச்சலும் மிச்சம் பாருங்கோ. மருந்தை நிப்பாட்டினா வருத்தம் அநேகமா அடுத்த நாளே திரும்பி வராது, சில கிழமையோ சில மாசமோ கழிச்சு வரும், அதுக்குள்ள எல்லாரும் நிப்பாட்டினதையே மறந்திடுவினம், அதுதான் இதில உள்ள பொல்லாத்தனம். ரெண்டு தொடக்கம் நாலு கிழமைக்கு ஒருக்காப் போடுற ஊசியைத் தவற விடாதேங்கோ. க்ளோசபின் எண்ட மனச்சிதைவுக் குளிசை குடிக்கிற ஆள் எண்டா முதல் 18 கிழமையும் கிழமைக்கு ஒருக்கா ரத்தம் சோதிக்க வேணும், நாய் எவ்வளவு கெட்டிக்கார நாய் எண்டாலும் வெள்ளை அணு குறையிறதைப் பாத்துச் சொல்லாது. அலாரம் அடிக்கேக்க மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர நாயைப் பழக்கலாம், குளிசையை விழுங்கினதோ இல்லையோ எண்டு பாக்கிறது மனிசர்ர வேலை.

குரல் கேக்குது எண்ட உடன மனச்சிதைவு எண்டு முடிவு கட்டுறதும் பிழை. செத்துப்போன ஆளின்ர குரல் துக்கத்தில கனபேருக்குக் கேக்கும். 2009 இல யுத்தம் முடிஞ்சாப்பிறகு அப்பிடிக் கேட்ட தாய்மார் எங்கட பக்கம் எத்தினை பேர், அவையளுக்கு எல்லாம் இந்த வருத்தம் எண்டில்ல. நாயை அவிட்டு விட்டிட்டு இடம்பெயர்ந்ததை இண்டைக்கும் கதைக்க மாட்டாத ஆக்களையும் எனக்குத் தெரியும், அப்பிடியானவைக்குக் கேக்காமலே ஒரு குட்டியைக் கொண்டுபோய் மடியில வைக்காதேங்கோ.

உதவி நாய் எண்டு காட்ட நாய்க்குப் போடச்சொல்லி வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பிற சிவப்பு வெஸ்ட், ஒன்லைன் சேர்ட்டிபிக்கேற் எல்லாம் வீண் காசு. அமெரிக்காவில 1990 ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவி நாய்க்கு அப்பிடி ஒரு பதிவே தேவையில்ல, இந்த நாய் மாற்றுத்திறனாளிக்குத் தேவையானதோ, என்ன வேலைக்குப் பழக்கினது எண்ட ரெண்டு கேள்விதான் கடைக்காரர் கேக்கலாம். சும்மா பக்கத்தில இருந்து ஆறுதல் குடுக்கிற நாய் அந்தச் சட்டத்துக்குள்ள வராது. அது அந்த நாட்டுச் சட்டம், மாங்குளத்தில பஸ் கொண்டக்டரிட்ட அதைக் காட்டி ஒண்டும் நடக்காது.

விசர்நாய்த் தடுப்பூசி மறக்காமல் போடுங்கோ, கடிச்சா காயத்தை 15 நிமிசம் சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில கழுவிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, வீட்டு நாய்தானே எண்டு விடாதேங்கோ. ஆளை வாட்டில மறிச்சா நாய்க்கு ஆர் சோறு வைக்கிறது எண்டதையும் முதலே கதைச்சு வையுங்கோ. நிலைமை இறுகின நேரத்தில நாயை நம்பி இருக்காமல் 1926க்கு அடியுங்கோ, அது தேசிய மனநல உதவி இலக்கம்.

எங்கட நாய்க்கு இப்ப ரெண்டே ரெண்டு வேலைதான் தெரியும், எட்டு மணிக்கு அலாரம் அடிச்சா மருந்து ரின்னடியில போய் நிக்கும், அவன் மூலையில போய்க் குந்தினா மடியில ஏறிப் படுக்கும். இரவில குரைக்கிறதை நிப்பாட்டேலாது, முயற்சியும் செய்யேல்ல. குரைச்சா அவனும் நானும் சேந்து போய் டோர்ச் அடிச்சுப் பாக்கிறம். அநேகமாப் பண்டிதான்.