விஎம்முக்கு லைட்டான லினக்ஸ் தேடும்போது எல்லோரும் சறுக்கும் இடங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு நாலைந்து பையன்கள் லேப்டாப்போடு வருவார்கள். படிப்பை முடித்து வேலை தேடுகிறவர்கள், கடைசி வருஷத்தில் இருப்பவர்கள். பாதிப் பேரிடம் 4 ஜிபி ரேம், மீதிப் பேரிடம் 8. விண்டோஸுக்குள் விர்ச்சுவல் பாக்ஸ் போட்டு, அது உருவாக்குகிற விஎம்முக்குள் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலிக் கம்ப்யூட்டர்) லினக்ஸ் ஓட்டிப் பழகுவதுதான் நோக்கம். போன வாரம் கல்லிடைக்குறிச்சிப் பையன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். "அண்ணே, அல்பைன் ஐஎஸ்ஓ வெறும் 60 எம்பி சொச்சம்தான். ரெண்டு நிமிஷத்துல இறங்கிட்டு!" அல்பைன் என்பது லினக்ஸின் ஒரு வகை, அதாவது ஒரு டிஸ்ட்ரோ. ஐஎஸ்ஓ என்பது அதை இன்ஸ்டால் செய்ய இறக்குகிற ஃபைல்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே சந்தோஷத்தோடு நானும் ஒரு நாள் நின்றிருக்கிறேன்.

ரேம் பத்தவில்லை, டிஸ்க் நிறைந்துவிட்டது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதையெல்லாம் மெஷினே சொல்லிவிடும். சொல்லாமல் கழுத்தை அறுப்பவை வேறு.

ஐஎஸ்ஓ சைஸைப் பார்த்து டிஸ்ட்ரோ எடுப்பது

சில வருஷங்களுக்கு முன்னால், பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரக் கடை. கடையில் இருந்தது ஒரே ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர், 4 ஜிபி ரேம். அவர்கள் வாங்கிய பில்லிங் சாப்ட்வேரின் சர்வர் பகுதி லினக்ஸில்தான் ஓடும். புது மெஷின் வாங்க அண்ணாச்சிக்கு மனசில்லை. "விஎம்ல போட்டுரலாம் அண்ணாச்சி, பாரமே தெரியாது" என்றேன். சின்ன ஐஎஸ்ஓவாகப் பார்த்து அல்பைனை எடுத்தேன். பத்து நிமிஷத்தில் இன்ஸ்டால் முடிந்தது. தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது.

பில்லிங் ஃபைலை உள்ளே போட்டு ஓட்டினால் 'நாட் ஃபவுண்ட்' என்றது. ஃபைல் கண் முன்னால் இருக்கிறது. லிஸ்ட் எடுத்தால் பெயர் வருகிறது, சைஸ் வருகிறது, ஓட்டுவதற்கான பெர்மிஷனும் இருக்கிறது. ஆனாலும் இல்லை என்கிறது. ஃபைல்தான் கெட்டுப்போயிருக்கும் என்று மறுபடியும் இறக்கினேன். செக்சம் (ஃபைல் சரியாக இறங்கியதா என்று காட்டும் எண்) அச்சு அசலாக ஒத்துப்போனது. முதல் ராத்திரி அப்படிப் போனது.

விஷயம் இதுதான். டெபியன், உபுண்டு, ஃபெடோரா எல்லாம் ஜிலிப்சி (glibc) என்ற சி லைப்ரரியின் மேல், அதாவது மற்ற புரோகிராம்கள் சாய்ந்து நிற்கும் அடிப்படைக் கோடின் மேல், நிற்பவை. அல்பைன் மட்டும் மஸல் (musl) என்ற சின்ன லைப்ரரியில் நிற்கிறது. அதன் சைஸ் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஜிலிப்சிக்காகக் கட்டிய ஒரு பைனரியை (கம்பைல் செய்து ரெடியாக வரும் புரோகிராம் ஃபைலை) ஓட்டும்போது, அது முதலில் தன்னை மெமரியில் ஏற்றிவிடுகிற லோடர் ஃபைலைத் தேடும். அல்பைனில் அந்த லோடர் கிடையாது. 'நாட் ஃபவுண்ட்' என்று ஷெல் புலம்பியது நம் ஃபைலைப் பற்றி அல்ல, அந்த லோடரைப் பற்றி. ஆனால் திரையில் வருவதோ நம் ஃபைலின் பெயர். இந்த ஒரு எரர் மெசேஜின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

இதற்கென்று ஜிகாம்பேட் என்று ஒரு ஒட்டுப் பேக்கேஜ் உண்டு. போட்டேன். 'நாட் ஃபவுண்ட்' போய், 'சிம்பல் நாட் ஃபவுண்ட்' வரிசையாக வந்தது. இரண்டாவது ராத்திரி அதற்கு. சாப்ட்வேர் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால், "நாங்க உபுண்டுல மட்டும்தான் சார் டெஸ்ட் பண்றோம்" என்றார்கள். நியாயம்தான், அதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது நான்.

மூன்றாவது ராத்திரி செய்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அல்பைனுக்குள் ஒரு ஃபோல்டரில் குட்டி டெபியன் ஒன்றை இறக்கி, அதற்குள் பில்லிங்கை ஓட்டினேன். பாரம் குறையட்டும் என்று அல்பைன் போட்டவன், அதன் தலையிலேயே டெபியனை ஏற்றிவைத்தேன். ஓடியது. மறுநாள் காலையில் கடைக்காரப் பையன் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ததும் நின்றுவிட்டது. அந்த ஃபோல்டருக்கு வேண்டிய மவுண்டுகளை (சிஸ்டத்தோடு இணைக்கும் இணைப்புகளை) பூட் ஆகும்போதே போட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் நான் அதை எழுதவேயில்லை. கடை நிறைய ஆட்கள். அண்ணாச்சி கார்பன் பேப்பர் வைத்துக் கையால் பில் எழுதிக்கொண்டே கேட்டார்: "தம்பி, பில்லு எப்பம் வரும்?"

அன்றைக்கு மத்தியானம் டெபியன் நெட் இன்ஸ்டால் ஐஎஸ்ஓவை இறக்கினேன். இன்ஸ்டாலரில் டெஸ்க்டாப் டிக்கை எடுத்துவிட்டு, எஸ்எஸ்ஹெச் சர்வரை (வேறு மெஷினிலிருந்து கமாண்ட் வழியாக உள்ளே வர உதவுவது) மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் பில் அடித்தது. சும்மா இருக்கும்போது அல்பைனைவிட அது கூடுதலாக எடுத்த ரேம் ஐம்பது, அறுபது எம்பி. ப்ரவுசரில் ஒரு டேப் அதைவிட அதிகம் தின்னும். கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

டெபியனின் அந்த ஐஎஸ்ஓ 600 எம்பிக்கு மேல் இருக்கும். அதில் பெரும்பகுதி இன்ஸ்டாலரும், எந்தெந்த மெஷினுக்கோ வேண்டிய ஃபர்ம்வேரும். இன்ஸ்டால் ஆன பிறகு விஎம்மில் தங்குவது எவ்வளவு என்பது தனிக் கணக்கு. ஐஎஸ்ஓ சைஸ் காட்டுவது இறக்க எவ்வளவு டேட்டா செலவாகும் என்பதை மட்டும்தான்.

அல்பைன் மட்டம் என்று சொல்ல வரவில்லை. அதன் சொந்த ரெப்போவிலேயே (பேக்கேஜ் கிடங்கிலேயே) இருக்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் மாதிரி ஒரு சர்வீஸை ஓட்டுவதானால் நானே அதைத்தான் போடுவேன். கன்டெய்னர்களில் அது கொடிகட்டிப் பறப்பதும் அதனால்தான். வெளியிலிருந்து ரெடிமேட் பைனரி கொண்டுவந்தால்தான் வம்பு. பைத்தான் படிக்கிற பையன்களுக்கும் இது வரும். மஸலுக்கென்று வீல் ஃபைல் (முன்கூட்டியே கட்டி வைத்த பைத்தான் பேக்கேஜ்) கட்டும் வழி வந்ததே 2021இல்தான். அப்படிக் கட்டாத பேக்கேஜ் என்றால் சோர்ஸிலிருந்து கம்பைல் ஆகும். அதற்கு ஜிசிசி கம்பைலர் முதல் ஹெடர் ஃபைல்கள் வரை எல்லாம் இறங்கும். அப்புறம் எங்கே லைட்?

அதனால் உள்ளே ஓடப்போகும் சாப்ட்வேர் எது, அதைச் செய்தவர்கள் எந்த டிஸ்ட்ரோவில் டெஸ்ட் செய்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். டிஸ்ட்ரோவை அதற்கப்புறம் தேடலாம்.

பழைய கம்ப்யூட்டருக்கான டிஸ்ட்ரோவை விஎம்மில் போடுவது

பப்பி, ஆன்டிஎக்ஸ் எல்லாம் நல்ல சரக்கு. பதினைந்து வருஷத்து லேப்டாப்பின் வைஃபையையும் கிராபிக்ஸையும் எழுப்பிவிடுவது அவற்றின் பெருமை. விஎம்மில் அந்தப் பெருமைக்கு வேலையே இல்லை. அங்கே நெட்வொர்க் கார்டு, டிஸ்க், திரை எல்லாமே விர்ச்சுவல் பாக்ஸ் காட்டுகிற வேஷம். எந்த டிஸ்ட்ரோவுக்கும் அவை தெரியும்.

விஎம்மில் உண்மையில் இழுப்பது டெஸ்க்டாப். 3டி ஆக்சிலரேஷன் இல்லாவிட்டால் க்னோம் டெஸ்க்டாப் வரைகிற ஒவ்வொரு நிழலையும் சிபியுதான் உட்கார்ந்து கணக்குப் போடும். ரேம் இருந்தாலும் தவழும். டெஸ்க்டாப் வேண்டுமென்றால் எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி போடுங்கள். எக்ஸ்எஃப்சிஇயில் நிழல் போன்ற ஜோடனைகளை வரைகிற காம்போசிட்டரை அணைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் மூச்சு விடும். கமாண்ட் பழகத்தான் என்றால் டெஸ்க்டாப்பே வேண்டாம். விண்டோஸிலிருந்து எஸ்எஸ்ஹெச் போட்டு உள்ளே போங்கள்.

லைவ் மோடிலேயே வாழ்வது

லைவ் மோட் என்றால் டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டுவது. டைனி கோர் என்ற குட்டி டிஸ்ட்ரோ ரேமில் ஓடும். பேக்கப் எடுக்கச் சொல்லாவிட்டால், அணைத்ததும் எல்லாம் போச்சு.

32 பிட்டைத் தேடிப்போவது

விஎம்மில் 64 பிட் லினக்ஸ் ஏறவில்லையா? 32 பிட்டுக்கு ஓடாதீர்கள். பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்யுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கு 32 பிட் பிசி இன்ஸ்டாலரே கிடையாது.

பழைய வீடியோ பார்த்து சென்ட்ஓஎஸ் 7 போடுவது

2024 ஜூன் 30ஓடு அதன் கதை முடிந்தது, இனி அப்டேட் வராது.

ஆமையைக் கவனிக்காமல் டிஸ்ட்ரோவைத் திட்டுவது

விர்ச்சுவல் பாக்ஸ் ஜன்னலின் கீழே வலது மூலையில் பச்சை ஆமை படம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால், விண்டோஸின் சொந்த விஎம் வசதியான ஹைப்பர்வி ப்ராசஸரைத் தன் கையில் வைத்திருக்கிறது, விர்ச்சுவல் பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிப்போகிறது என்று அர்த்தம். டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்ட மைக்ரோசாஃப்ட் தரும் வசதி) போட்டிருந்தாலோ, விண்டோஸ் செக்யூரிட்டியில் மெமரி இன்டெக்ரிட்டி ஆனில் இருந்தாலோ இப்படி ஆகும். எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் நத்தைதான்.

கல்லிடைக்குறிச்சிப் பையன் அல்பைனுக்கு வந்து சேர்ந்த கதையும் இதுதான். லுபுண்டு மெதுவாக இருக்கிறது என்று தூக்கினான், ஆன்டிஎக்ஸ் போட்டான், அதையும் தூக்கினான். அவன் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன், மூலையில் ஆமை. மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்தால் விண்டோஸின் பாதுகாப்பு ஒரு படி குறையும், ஹைப்பர்வியை மொத்தமாக நிறுத்தினால் டபிள்யூஎஸ்எல் 2 ஓடாது. இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் அணைத்தோம். ரீஸ்டார்ட் செய்து, அவன் டிலீட் செய்யாமல் விட்டிருந்த அந்தப் பழைய லுபுண்டுவையே எழுப்பினோம். "இது முன்ன ஓடுனதுதானா அண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டான்.